'எங்களுக்கு அப்புறம் யாரு?' - ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 வயசு ஆயாச்சா? பல நாட்டுப் பெற்றோர் சொல்வது என்ன, நம்ம ஊரில் இப்பவே செய்ய வேண்டியது என்ன?

"நான் இருக்கிற வரைக்கும் பார்த்துக்குவேன். எனக்கு அப்புறம் இவனை யாரு பார்ப்பா?"

ஆட்டிசம் உள்ள பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு போன்ற மானாவாரி பூமியிலும் இதே கேள்விதான், வசதியான நாடுகளிலும் இதே கேள்விதான். ஜப்பானில் இதற்கென்றே 'ஓயா நகி அதோ' என்று ஒரு சொல் வழக்கு உண்டு. 'பெற்றோர் இறந்த பிறகு' என்று அர்த்தம். இத்தாலியில் 2016-ம் ஆண்டு வந்த ஒரு சட்டத்தையே மக்கள் 'தோப்போ தி நோய்', அதாவது 'எங்களுக்குப் பிறகு' என்றுதான் அழைக்கிறார்கள்.

கேள்வி ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நாடும் வேறு வேறு பதில் வைத்திருக்கிறது. இந்தியாவில் சட்டமும் இருக்கிறது, சில திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்து வைத்தால்தான் பிள்ளைக்குக் கைகொடுக்கும். முழு விவரத்தைப் பார்ப்போம்.

ஆட்டிசம் 'குழந்தைகள் பிரச்னை' மட்டுமா?

இல்லை. ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் இருக்கும் வேறுபாடு. பேச்சு, பழகும் விதம், சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றை உணரும் விதம் எல்லாம் மற்றவர்களிடமிருந்து மாறி இருக்கும். பயிற்சியால் நிறைய முன்னேற்றம் வரும். ஆனால் வயது ஏறினால் தானாகப் போய்விடும் விஷயம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு உதவி தேவைப்படாது. சிலர் படித்து, வேலைக்குப் போய், தனியாக வாழ்கிறார்கள். சிலருக்குக் குளிக்க, சாப்பிட, ரோட்டைக் கடக்கக்கூட வாழ்நாள் முழுக்கத் துணை வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கணிப்புப்படி, 2021-ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது.

இந்தியாவில் 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகளை 8 வகையாகப் பிரித்து எண்ணியது. அதில் ஆட்டிசம் தனி வகையாக இல்லை. எண்ணப்படாதவர்களுக்குத் திட்டம் போடுவது எந்த அரசுக்கும் கஷ்டம்தான்.

18 வயதில் என்ன மாறுகிறது?

இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன.

ஒன்று, பள்ளி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உறுதி செய்கிறது. அதுவரை பள்ளி, சிறப்பாசிரியர், பயிற்சி மையம் என்று காலையில் போய்வர ஒரு இடம் இருக்கும். அதற்குப் பிறகு வீட்டுத் திண்ணைதான். பகலில் பிள்ளையுடன் யாராவது இருந்தாக வேண்டும் என்பதால் அம்மா காட்டு வேலைக்கோ மில் வேலைக்கோ போக முடியாது. ஒரு கூலி குறைகிறது, செலவு கூடுகிறது.

இரண்டாவது, சட்டம். 18 முடிந்த நாளிலிருந்து பிள்ளை சட்டப்படி மேஜர். பேங்க் கணக்கு, சொத்து, பத்திரம் எதிலும் "நான் அவங்க அப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட முடியாது. பல பெற்றோருக்கு இது தெரிய வருவதே பேங்க் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான்.

வெளிநாடுகளில் பெற்றோர் என்ன சொல்கிறார்கள்?

அமெரிக்கா: பள்ளிக் கல்விச் சட்டம் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 21 அல்லது 22 வயது வரை உதவி தருகிறது. அதன் பிறகு நிலைமை திடீரென மாறுவதைப் பெற்றோர் 'செங்குத்தான பள்ளம்' என்றே வர்ணிக்கிறார்கள். பள்ளி முடித்து இரண்டு ஆண்டுக்குள் இருந்த ஆட்டிசம் இளைஞர்களில் பாதிப்பேருக்கு மேல் வேலையிலும் இல்லை, மேற்படிப்பிலும் இல்லை என 2012-ல் வெளியான ஒரு ஆய்வு சொன்னது. வீட்டிலேயே உதவியாளர் வைத்துக்கொள்ள அரசு பணம் தரும் திட்டம் உண்டு. ஆனால் வரிசை நீளம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்து: ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காகவே 2009-ல் தனிச் சட்டம் போட்ட நாடு இது. அதற்குப் பின்னால் நின்ற தேசிய ஆட்டிசம் சங்கம், 1962-ல் பெற்றோர் சேர்ந்து ஆரம்பித்தது. கல்விக்கான உதவித் திட்டம் அங்கே 25 வயது வரை நீள முடியும். இவ்வளவு இருந்தும், 2020-ம் ஆண்டுக்கான அரசுப் புள்ளிவிவரப்படி ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சம்பள வேலையில் இருந்தவர்கள் சுமார் 22 சதவீதம்தான். "சட்டம் இருக்கு, ஆனா சேவை கிடைக்க சண்டை போட வேண்டியிருக்கு" என்பதே அங்குள்ள பெற்றோரின் பொதுவான குறை.

இத்தாலி: 2016 சட்டம், பெற்றோர் இல்லாத நிலைக்காகத் தனி நிதி ஒதுக்கியது. பெரிய விடுதிகளுக்குப் பதில், சிலர் சேர்ந்து குடும்பம் போல வாழும் சிறு வீடுகளுக்கு முன்னுரிமை. பிள்ளை பெயரில் பெற்றோர் அறக்கட்டளை வைத்தால் வரிச் சலுகையும் உண்டு.

சிங்கப்பூர்: தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் நாடு. அங்கே அரசு ஆதரவோடு, லாப நோக்கமில்லாமல் இயங்கும் சிறப்புத் தேவை அறக்கட்டளை நிறுவனம் இருக்கிறது. பெற்றோர் அதில் பணம் போட்டு, 'இவனுக்கு மாசம் இவ்வளவு, இந்தச் செலவுக்கு, இவர் கையில் கொடுங்க' என்று எழுதி வைக்கலாம். பெற்றோர் காலத்துக்குப் பிறகு நிறுவனம் அதன்படி பணத்தை வழங்கும். பணத்தைப் பார்த்துக்கொள்ளும் கையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கையும் வேறு வேறு என்பதுதான் இதில் பெற்றோருக்கு நிம்மதி.

இல்லத்தில் சேர்த்துவிடலாமா? ஏன் பயப்படுகிறார்கள்?

எல்லா நாட்டுப் பெற்றோரும் ஒத்துப்போகும் இன்னொரு இடம் இது. இங்கிலாந்தில் விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களை ஊழியர்களே அடித்துத் துன்புறுத்தியதை 2011-ல் பிபிசி ரகசிய கேமராவில் படம்பிடித்துக் காட்டியது. ஜப்பானின் சகாமிஹாராவில் 2016-ல் ஒரு இல்லத்துக்குள் புகுந்த முன்னாள் ஊழியர் 19 பேரைக் கொன்றார். டெல்லியில் அரசு நடத்தும் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலை மாதத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது பெரும் சர்ச்சையானது.

எல்லா இல்லமும் இப்படி இல்லை. ஆனால் வாய் பேசாத, நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளையை விட்டுவிட்டு வரும் பெற்றோருக்கு இந்தச் செய்திகள் மறக்காது. அதனால்தான் உலகம் முழுக்கப் பெற்றோர் கேட்பது பெரிய கட்டடத்தை இல்லை. ஊருக்குள்ளேயே, நாலு பேர் வந்து எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு சிறு வீடு, பகலில் போய்வர ஒரு மையம், இதுதான் அவர்கள் கோரிக்கை.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999: ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உருவான சட்டம். 18 வயதைத் தாண்டியவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க இதில் வழி இருக்கிறது. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஆட்சியர் தலைமையில், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உள்ள மாவட்ட உள்ளூர்க் குழு முடிவு செய்யும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016: முந்தைய 1995 சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டம்தான் அதை 21 வகைக்குள் சேர்த்தது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம்.

நிராமயா மருத்துவக் காப்பீடு: தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்றில்லை, தெரபி செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும்.

மாத உதவித்தொகை: தமிழக அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. முன்பு 1,500 ரூபாயாக இருந்தது பிறகு 2,000 ஆனது.

கரோண்டா: பெரியவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தங்குமிடம் தரும் தேசிய அறக்கட்டளைத் திட்டம். ஆனால் நாடு முழுக்கவே மையங்கள் சொற்பம்.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். சான்றிதழ், காப்பீடு, உதவித்தொகை என்று காகிதமும் பணமும் சார்ந்த உதவி ஓரளவு இருக்கிறது. 'பகலில் எங்கே போவான், ராத்திரி யார் கூட இருப்பார்' என்ற கேள்விக்குத்தான் பதில் மெலிந்து கிடக்கிறது.

மல்லாங்கிணறு போன்ற ஊரில் நிலைமை என்ன?

மல்லாங்கிணறு காரியாபட்டி வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி, திருச்சுழி சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போலவே மழையை நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் வீட்டில் ஒருவர் திருப்பூர், சிவகாசி, சென்னை என்று வேலைக்குப் போய்விடுவார்.

இங்கேதான் சிக்கல். "அண்ணன் இருக்கான், மதினி பார்த்துக்கும்" என்பதுதான் இந்தப் பக்கம் பெரும்பாலான குடும்பங்களின் ஏற்பாடு. அது வாய்வார்த்தை ஏற்பாடு. அண்ணன் வெளியூரில் வாடகை வீட்டில் இருக்கிறார், மதினியும் வேலைக்குப் போகிறார் என்றால் அந்த வார்த்தையை யார் காப்பாற்றுவது? இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எழுதி வைக்காத, பணம் ஒதுக்காத பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது.

சேவைகளும் தூரம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் விருதுநகரில். தெரபி என்றால் பலருக்கு மதுரை. சத்தத்தைத் தாங்க முடியாத 25 வயதுப் பையனைக் கூட்டமான பஸ்ஸில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பாடு என்பது கூட்டிப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோர் இப்பவே செய்ய வேண்டியது என்ன?

1. சான்றிதழைச் சரிபாருங்கள். இன்று 25, 30 வயதில் இருப்பவர்களில் பலரின் பழைய சான்றிதழில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றுதான் இருக்கும். அப்போது சட்டத்தில் ஆட்டிசமே இல்லை என்பதுதான் காரணம். மறுமதிப்பீடு தேவையா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஆட்டிசத்தை மதிப்பிட 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. சான்றிதழில் காலாவதி தேதி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தனித்துவ அடையாள அட்டையும் எடுத்து வையுங்கள்.

2. 18 முடிந்ததும் பாதுகாவலர் மனு. உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரே பாதுகாவலர் ஆகலாம். அடுத்தது யார் என்பதையும் குடும்பத்தில் இப்போதே பேசி முடிவு செய்வது நல்லது. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் கணக்கையும் பாதுகாவலர் ஒப்படைக்க வேண்டும். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தின்றாலோ அவரை நீக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

3. பேங்க் கணக்கு. உள்ளூர்க் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கவுன்ட்டரில் தெரியாது என்று சொன்னால் மேனேஜரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

4. சொத்தை எழுதி வையுங்கள். 'பெரியவன் பேருக்கு எழுதிட்டா தம்பியைப் பார்த்துக்குவான்' என்று மொத்தத்தையும் ஒரே பெயருக்கு மாற்றுவது ஆபத்து. அந்த நிலம் நாளைக்கு விற்கப்படலாம், கடனுக்குப் போகலாம். உயில் எழுதி, பிள்ளைக்கு ஆயுள் வரை வீட்டில் இருக்கும் உரிமையும் வருமானத்தில் பங்கும் தரலாம். கொஞ்சம் வசதி இருந்தால் தனியார் அறக்கட்டளை வைத்து, ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பாளர்களாகப் போடலாம். சிங்கப்பூர் முறையில் சொன்ன 'பணம் ஒரு கை, பராமரிப்பு ஒரு கை' என்ற யோசனையை இங்கேயும் இப்படிச் செய்ய முடியும். வழக்கறிஞரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள்.

5. பென்ஷனை மறக்காதீங்க. மத்திய அரசு ஊழியரின் பிள்ளைக்குத் தானாகச் சம்பாதிக்க முடியாத அளவு குறைபாடு இருந்தால், வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்கான வருமான வரம்பு 2021-ல் தளர்த்தப்பட்டது. பலருக்குத் தெரியாத விஷயம், பி.எஃப். பிடித்தம் உள்ள மில் தொழிலாளிக்கும் வழி இருக்கிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-ன்படி, உறுப்பினர் இறந்த பிறகு நிரந்தரமாக முழுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஆயுள் முழுக்க ஓய்வூதியம் கிடைக்கும். பி.எஃப். பதிவில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

6. வரி கட்டுபவர்கள் கவனத்துக்கு. பழைய வருமான வரி முறையில் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், கடும் குறைபாடு என்றால் 1.25 லட்சம் வரை கழிவு இருந்து வருகிறது. முன்பு இந்தப் பிரிவில் எடுக்கும் பாலிசியில், பெற்றோர் இறந்தால்தான் பிள்ளைக்குப் பணம் என்ற நிபந்தனை இருந்தது. இதை மறுபரிசீலனை செய்யலாம் என 2019-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. 2022 பட்ஜெட்டில், பெற்றோர் 60 வயதைத் தாண்டிய பிறகு உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குப் பணம் வரலாம் என்று மாற்றப்பட்டது. வரி வரம்புக்குள் வராத சம்சாரி வீட்டுக்கு இதனால் பலன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

7. ஒரு நோட்டு எழுதுங்கள். என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவான், எந்த மாத்திரை, எந்த டாக்டர், கோபம் வந்தால் எப்படி அமைதியாவான் என்று எல்லாம் அம்மா மனசில் மட்டும் இருக்கும். அது அம்மாவோடு போய்விடக் கூடாது. பத்து ரூபாய் நோட்டில் எழுதி, இரண்டு பேரிடம் கொடுத்து வைத்தாலே பெரிய ஏற்பாடு.

பிள்ளையிடம் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும். பாதுகாவலர் முறை மீது ஒரு முக்கியமான விமர்சனம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், "எங்க வாழ்க்கையை முழுசா இன்னொருத்தர் கையில கொடுக்காதீங்க" என்கிறார்கள். இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்கிறது. இங்கிலாந்தின் 2005 சட்டம், 'முடிவெடுக்க முடியாது என்று நிரூபிக்கப்படும் வரை முடியும் என்றே கருத வேண்டும்' என்கிறது. இந்தியாவின் 2016 சட்டமும் முழு அதிகாரத்துக்குப் பதில், இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' முறையைத்தான் சொல்கிறது.

பெற்றோருக்கும் இதில் நியாயமான பதில் உண்டு. "கையெழுத்துப் போடவே தெரியாதவனை யாராவது ஏமாத்திட்டா?" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. சொத்து, பணத்துக்குப் பாதுகாவலர் இருக்கலாம். என்ன உடுத்துவது, யாரோடு இருப்பது, பகலில் என்ன செய்வது போன்றவற்றில் பிள்ளையின் விருப்பத்தை, பேச்சில் இல்லாவிட்டால் படத்திலோ சைகையிலோ கேட்டு நடக்கலாம்.

ஊர் என்ன செய்யலாம்?

உலகில் முதன்முதலில் ஆட்டிசம் என்று பதிவானவர் அமெரிக்காவின் டொனால்ட் டிரிப்லெட். 1943-ல் டாக்டர் லியோ கானர் எழுதிய கட்டுரையில் முதல் ஆள் இவர்தான். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில், குடும்பத்துக்குச் சொந்தமான பேங்கில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். அவருக்கென்று குடும்பம் ஒரு அறக்கட்டளை நிதி வைத்தது. பெற்றோர் காலமான பிறகும் தன் வீட்டிலேயே வாழ்ந்து, கோல்ஃப் ஆடி, ஊர் ஊராகச் சுற்றி, 2023-ல் 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம் என்பது உண்மை. ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வது, ஊரே அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்துக்கொண்டது என்பதைத்தான்.

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது ஒரு பலம். டீக்கடைக்காரர், கண்டக்டர், ரேஷன் கடை ஊழியர் என்று பத்துப் பேருக்கு இந்தப் பையன் யார், எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தால், அவன் தெருவில் நடமாட முடியும்.

அடுத்தது, பகல் மையம். தமிழகத்தில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் 2025-ல் நிறைவேறியது. பேரூராட்சிகளும் இதில் அடக்கம். காலியாகக் கிடக்கும் ஒரு அரசுக் கட்டடம், ஒரு பயிற்சியாளர், பூக்கட்டுதல், கவர் செய்தல், ஆடு வளர்ப்பு, நாற்றுப் பண்ணை மாதிரி கைக்குப் பழகிய வேலை. இப்படி ஒரு மையத்தைக் கேட்க, இனி கூட்டத்துக்குள்ளேயே ஒரு குரல் இருக்கும். தமிழக அரசு உலக வங்கி உதவியுடன் நடத்தும் 'உரிமைகள்' திட்டமும் இந்தச் சேவைகளை மக்கள் பக்கத்தில் கொண்டுவருவதற்கானதுதான். தனியாகப் போய்க் கேட்பதைவிட, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மனு கொடுத்தால் கவனம் கிடைக்கும். இங்கிலாந்தின் சங்கமும் அப்படிச் சில பெற்றோர் சேர்ந்து ஆரம்பித்ததுதான்.

எங்கே தொடங்குவது?

விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்கலாம். போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, இருக்கும் மருத்துவச் சான்றிதழ், ரேஷன் கார்டு, போட்டோ. அங்கே மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றிதழ் சரியாக இருக்கிறதா, உதவித்தொகைக்குத் தகுதி உண்டா, உள்ளூர்க் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மற்ற இரண்டையும் பெற்றோருக்குப் பிறகு வேறு யாராவது முயற்சி எடுத்து வாங்கிவிடலாம். 'என் பிள்ளைக்கு இவர்தான் பொறுப்பு' என்று நம்பிக்கையான ஒருவரைக் கைகாட்ட, பெற்றோரால் இப்போது மட்டும்தான் முடியும்.